மேரி ஜெயராணியும் அணைக்கக் கூடாத உந்துபொறியும்

மேரி ஜெயராணியின் தம்பி காலையில் போன் செய்தபோது நான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். "அக்கா போயிட்டாங்கண்ணே, தூக்கத்துலயே" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அவர் குடியிருந்த லோபாக்கில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் தேவாலயத்தில் பாடியவர், மீன்கடைக்காரரைப் படாதபாடு படுத்தியவர். என்ன வேலை என்று கேட்டால், செயற்கைக்கோளுக்குப் பல் வைத்தியம் என்பார். செயற்கைக்கோளை நகர்த்தும் பிளாஸ்மா உந்துபொறியில் டங்ஸ்டன் மின்முனை ஒன்று உண்டு. அது எரிய எரியத் தேயும். தேய்ந்து தீர்ந்தால் செயற்கைக்கோளின் கதையும் முடிந்தது. எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிய, வெற்றிடக் கலனுக்குள் நிறுத்தாமல் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். மேரி வடிவமைத்த முனை அப்படி மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது.

புக்கிட் பெலண்டோக்கில், செம்பனைத் தோட்டத்து ஓரம் எங்கள் கூடம். நிர்வாகி, தோட்டத்தில் ஆள்களை மேய்த்த மண்டோரின் மகன். ஆயுத பூசையன்று ரப்பர் ஆலையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர். உந்துபொறியையும் நிறுத்தி, கலனைத் திறந்து கற்பூரம் காட்ட வேண்டும் என்றார். பூசைக்கு மாலை வாங்கி வந்தவரே மேரிதான்.

"மாலை போடுங்க, பொட்டு வைங்க, நானே தேங்கா உடைக்கிறேன். அணைக்க மட்டும் வேணாம் சார். ஓடுறப்ப தேயறதவிட பத்தவைக்கிறப்பதான் அது ரொம்பத் தேயும்" என்றார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு இது புரியாதுலா" என்று நிர்வாகி சிரித்தார்.

நெற்றி நிறையத் திருநீறோடு நானும் அதையே சொன்னேன். என்னைப் போய்க் காப்பி குடிக்கச் சொன்னார். மேரிக்கு மட்டும் மதம் பார்த்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூசையன்று உந்துபொறியை அணைத்து, சூடு ஆறுமுன் கலனைத் திறந்தார்கள். காற்றுப் பட்டு முனையில் பொருக்குத் தட்டியது. மறுபடி பற்றவைத்தபோது எளிதில் பற்றவில்லை. ஒவ்வொரு தீப்பொறியும் நுனியைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போனது. சீக்கிரமே அது குழிவிழுந்து செத்தது. வடிவமைப்பே தாங்கவில்லை என்று, முனையைச் செய்யச் சொன்ன வாடிக்கையாளர் நிறுவனத்திடம் நிர்வாகி சொன்னார். பூசையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"என்னையத் திட்டட்டும், பரவால்ல. தாங்குனதப் போயி தாங்கலங்குறாங்களே, அதான் பொறுக்கல" என்றார் மேரி. சி ரூசா கடற்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்விட்டுத் திட்டித் தீர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

அடக்கத்துக்கு வந்த நிர்வாகி, தோல்வியையும் புன்னகையோடு ஏற்றுக்கொண்டவர் என்று மேரியைப் புகழ்ந்தார். எங்கே புன்னகைத்தார்? நான் எழுந்தேன். "அது தோக்கல சார். நீங்க அணைச்சீங்க" என்றேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மேரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். மறுநாள் அந்தக் கோபத்தோடேயே வாடிக்கையாளரை அழைத்து, அணைத்தது யார், திறந்தது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை இனி இருக்குமா என்று தெரியவில்லை, போனால் போகட்டும். அதேபோல் இன்னொரு முனை செய்து, நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். வடிவமைப்பு யாருடையது என்று கேட்டார்கள். மேரி ஜெயராணி என்று, அவர்கள் எழுதி முடிக்கும்வரை, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.