மோசம் போன தம்பி

எண்பதுகளின் நடுவில் பாரிஸில், லா சப்பலில் நடந்தது இது. இன்றைக்குப் போல அன்று அங்கே தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள் கிடையாது. மளிகைக்கடை ஒன்றிரண்டு, ஒரு சாப்பாட்டுக்கடை, அவ்வளவுதான். நான் பாண்டிச்சேரிக்காரி. கல்யாணமாகி வந்து, ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழும் பிரெஞ்சும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் சனிக்கிழமைதோறும் மாதாகோவிலுக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்குப் போவேன். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வார்கள். நான் பிரெஞ்சில் எழுதி, கீழே ‘மொழிபெயர்த்தவர்’ என்று கையெழுத்துப் போட்டுத் தருவேன். அகதி மனுவைப் பார்க்கிற அதிகாரிகள் பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தாளில் இருப்பதுதான் அவர்களுக்கு எல்லாம்.

ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் வந்தார். இருபத்துநாலு வயது இருக்கும். பாரிஸை ஒட்டிய திரான்சியில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தார். விசாரணை இல்லாமல் பிடித்துக்கொண்டு போன மாணவர்களை விடச் சொல்லி அவர் ஊரில் ஓர் ஊர்வலம் நடந்திருக்கிறது. இவரும் இவருடைய தம்பியும் அதில் போயிருக்கிறார்கள். கையில் கல்கூட இல்லை, எழுதிய அட்டைகள் மட்டும். கச்சேரி என்று அங்கே சொல்லும் அரசாங்க அலுவலகத்தின் வாசலில் எல்லோரும் ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ராணுவ லாரி வந்தது. எழுந்து போகச் சொன்னது. யாரும் எழவில்லை. சுட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து, ஊர்வலத்தில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்களாம். அவர் முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னார். நடுநடுவே பேச்சு நின்றுபோகும்.

கடைசியில் சொன்னார்: “அந்த ஊர்வலத்தோடை தம்பி மோசம் போயிட்டான், அக்கா.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவன் மோசம் போய்விட்டான் என்றால் ஏமாந்துவிட்டான், கெட்டுச் சீரழிந்துவிட்டான் என்று அர்த்தம். சரி, பையன் அதற்குப் பிறகு துப்பாக்கி, அது இது என்று தப்பான வழியில் போய்விட்டான், குடும்பத்துக்கு அவமானம், பாவம் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிளறிக் கேட்பது மரியாதையில்லை என்று கேட்கவில்லை. அதோடு விட்டேனா? ஆறுதல் வேறு சொன்னேன்: “எல்லார் வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கத்தான் செய்யும். மனசைத் தேத்திக்குங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். “ஓம் அக்கா, இப்ப எங்கடை ஊரிலை எல்லா வீட்டிலையும் ஒண்டு” என்றார்.

‘அந்த ஊர்வலத்திலிருந்து என் தம்பி கெட்ட வழியில் போய்விட்டான்’ என்று அழகான பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அறை மாறியதால் கடிதம் எங்கெங்கோ சுற்றித் தாமதமாகத்தான் கையில் கிடைத்திருக்கிறது. மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்றே நாள். அதைத் தவறவிட்டால் பிரான்ஸை விட்டு வெளியேற வேண்டும். எந்த ராணுவம் படத்தோடு தேடுகிறதோ அதன் கையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

கடிதத்தை வாசித்தேன். தம்பி வன்முறையில் இறங்கியவன் என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். அவன் இப்போது எங்கே என்பதை மறைக்கிறார். ராணுவம் வீட்டுக்கு வந்தது அவனைத் தேடித்தான் என்று தெரிகிறது. இப்படிப் போனது.

எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. “தம்பி எங்க இருக்கார்னு ஏன் சொல்லல? அதைச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லையே” என்று அதட்டினேன்.

“அண்டைக்கே சொன்னனான்தானே அக்கா, மோசம் போயிட்டான் எண்டு” என்றார்.

“மோசமாப் போனா போகட்டும், இப்ப எங்க இருக்கார்?”

அவருக்கு நான் கேட்பது விளங்கவில்லை. “சூடு பட்டவன், அக்கா. என்ரை மடியிலைதான் உயிர் போனது. உடம்பைக்கூட ஆமி தரேல்லை” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாழ்ப்பாணத்தில் மோசம் போனார் என்றால் இறந்துபோனார் என்று அர்த்தமாம். விசாரணையே இல்லாமல் பிணத்தை எரிக்க அங்கே அப்போது அவசரகாலச் சட்டம் இருந்தது. அதனால் அந்தத் தம்பி செத்ததற்குச் சான்றிதழ் கிடையாது, கல்லறை கிடையாது. உலகத்தில் அதைச் சொன்ன ஒரே தாள் நான் எழுதியதுதான். அதில் நான் அவனை உயிரோடு வைத்து, கெட்டவனாகவும் ஆக்கிவைத்திருந்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது.

அந்த அறையை நடத்தியவர் வயதான ஒரு பிரெஞ்சுக்கார அம்மா, நல்லவர். விஷயத்தைச் சொன்னதும் யோசித்துவிட்டு, தட்டச்சில் ஒரு வரி விட்டுப்போனதாக எழுதலாமே என்றார். மொழிபெயர்ப்பே தப்பு என்று நீயே எழுதிக்கொடுத்தால், உன் கையெழுத்துள்ள நாற்பது பேரின் தாள்களையும் சந்தேகப்படுவார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. என் சுயநலமும் அந்தப் பக்கம்தான் இழுத்தது. நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளராக நான் விண்ணப்பித்திருந்த நேரம் அது.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “விடுங்கோ அக்கா, தெரியாமல்தானே எழுதினீங்கள்” என்றார். ஊரை விட்டுத் துரத்தப் போகிறார்கள், இந்த மனுஷன் எனக்கு ஆறுதல் சொல்கிறாரே என்று ஆத்திரம்கூட வந்தது. அன்று மாலையே உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம், அவர் ஊரில் என்ன அர்த்தம், நான் எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கெடு முடிவதற்கு முந்தின நாள் தபாலில் சேர்த்தோம்.

நான்கு மாதம் கழித்து மேல்முறையீட்டு விசாரணைக்கு அழைப்பு வந்தது. கார் து நோர் ரயில் நிலையத்தில் போலீஸ் நின்று ஆட்களின் தாள்களைப் பார்ப்பார்கள் என்பதால், சுற்றுவழி என்றாலும் பஸ்ஸில் போனோம். எனக்கு ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே இருக்கிற மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரராம். அவரும் என்னைப் போலவே தடுக்கி விழுந்தால்? அதனால் பஸ்ஸிலேயே சொன்னேன்: “அந்த வார்த்தை வேண்டாம். செத்துப்போனான்னே சொல்லிடுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஆடு மாட்டுக்குச் சொல்லுற சொல்லக்கா அது. அம்மாவுக்கு எழுதின கடிதத்திலைகூட நான் அப்பிடி எழுதேல்லை” என்றார். நான் விடவில்லை. உங்கள் உயிர் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று கறாராகச் சொன்னேன்.

உள்ளே விசாரணைக் குழுவினர் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என் கடிதத்தை முழுக்க வாசித்தார். என்னை எழுப்பி, முதலில் எழுதியது பொய்யா, இப்போது எழுதியது பொய்யா என்று கேட்டார். பொய் ஒன்றுமில்லை, என் அறியாமை என்றேன். தள்ளுபடியான பிறகு அர்த்தம் மாறுவது எல்லோருக்கும் வசதிதான் என்றார் அவர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, சுட்டவன் எங்கேயோ இருக்க, இங்கே செத்தவனின் அண்ணன் குற்றவாளி மாதிரி நிற்கிறார். அதற்குக் காரணம் நான்.

தலைவர் அவர் பக்கம் திரும்பி, உங்கள் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டார்.

“தம்பி மோ…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

“என்ரை தம்பி செத்துப்போனான்” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அதற்குப் பிறகு இவர் அழவில்லை. எங்கே குண்டு பட்டது, எப்படித் தூக்கினார், எந்த இடத்தில் ராணுவம் உடம்பைப் பிடுங்கிக்கொண்டது என்று கேட்டதற்கெல்லாம் ஒரே சீராகப் பதில் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அகதி அட்டை வந்ததும் கொண்டுவந்து காட்டி நன்றி சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறு பேச்சுப் பேசினார். மற்ற நாற்பது பேரின் தாள்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். நீதிமன்ற வேலைக்கான விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஒரு காகிதத்தில் இருந்த பிழையைத் திருத்தியதற்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் பெற்ற தாயிடம்கூட அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவர் காப்பாற்றி வைத்திருந்த தம்பியை, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் அவர் வாயாலேயே சாகவைத்தவள் நான் என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை.