இரண்டரைச் சுற்று

ஆயிரம் மீற்றர் ஓட்டத்தை ஒருவரும் வைப்பதில்லை. எண்ணூறு வைப்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு வைப்பார்கள். இது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தூரம். மைதானத்தைச் சுற்றி இரண்டரைச் சுற்று. அந்த அரைச் சுற்றால்தான் வில்லங்கம். தொடங்குகிற இடம் ஒரு பக்கம், முடிகிற இடம் அதற்கு எதிர்ப்பக்கம்.

என் மனைவி வல்வெட்டித்துறை. கடலோடிகள் குடும்பம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை இந்த ஓட்டம் ஓடியிருக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள், இரண்டு சுற்று முடிய, தொடங்கின இடத்திலேயே நின்றுவிட்டாள். முடிந்தது என்று நினைத்துக் கையையும் தூக்கினாளாம். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். பிறகு அந்த ஓட்டத்தை யாரும் வைக்கவில்லை. இன்னொருமுறை ஓடிக் காட்ட அவளுக்கு வழியில்லாமல் போய்விட்டது.

இது எனக்கு அவளுடைய அண்ணன் சொன்ன கதை. எங்கள் கலியாண வீட்டிலேயே சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் சொல்வார்.

"மச்சான், இவளைச் சந்தைக்கு அனுப்பாதை. பாதி வழியிலை வந்திட்டன் எண்டு நிண்டிடுவாள்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பானையைக் கொஞ்சம் பலமாகத் தேய்ப்பாள். நான் கேட்பதில்லை.

நாங்கள் இருப்பது புத்தூர்ப் பக்கம். வெங்காயத் தோட்டம். இந்த வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டிக்குக் கலியாணம் முடித்த பெண்களுக்கு ஒரு நீண்ட ஓட்டம் வைப்பது என்று கழகத்துப் பெடியள் முடிவெடுத்தார்கள். எண்ணூறு காணாது என்றான் ஒருவன். ஆயிரத்து ஐந்நூறு ஓடினால் பெண்டுகளை அள்ளிக்கொண்டு போகவேண்டிவரும் என்றான் மற்றவன். ஆயிரத்தில் வந்து நின்றார்கள்.

நான் வீட்டில் வந்து சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நின்றது.

"நீர் ஓடப்போறீரோ?"

"ஓம்."

அவ்வளவுதான் கதை.

அடுத்த நாள் விடிய, பஞ்சாபி உடுப்பைப் போட்டுக்கொண்டு தோட்டப் பாதையில் ஓடினாள். நான் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன பிள்ளை, நாய் துரத்துதோ?"

"இல்லை அண்ணை, நான்தான் நாயைத் துரத்துறன்."

போட்டியன்று ஏழெட்டுப் பேர் ஓட வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரிதான் வயதில் மூத்தவள். மற்றதுகள் நேற்றுக் கலியாணம் முடித்த பிள்ளைகள். வெடி கேட்டதும் பறந்தார்கள். முதல் சுற்று முடியுமுன் இரண்டு பேர் புல்லில் இருந்துவிட்டார்கள். இவள் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் மூன்று பேர்.

சனம் முழுக்க முடிகிற பக்கம் நின்றது. நான் எதிர்ப்பக்கம், அவர்கள் தொடங்கின கோட்டடிக்குப் போனேன். அங்கே ஐஸ்கிறீம் விற்கிற வானும் நானும்தான். இரண்டாம் சுற்று முடிய அவள் மறுபடி அதில் நின்றுவிட்டால் என்ன செய்வது. அதுதான் என் பயம்.

நான்கு பேரும் நெருக்கமாக வந்தார்கள். கோட்டைக் கண்டதும் அவள் கால் தளர்ந்தது போலிருந்தது. கத்தவேண்டும். ஆனால் பெயர் வாயில் வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் புருசன் கூப்பிடுகிறான். எல்லாப் புருசன்மாரும் கூப்பிடுகிற மாதிரித்தான் என் வாயிலும் வந்தது.

"இஞ்சாரும், நிக்காதையும்."

முன்னால் போன மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி நின்றேவிட்டாள். "என்னப்பா, பிள்ளை அழுறானோ?" என்று வேலிப் பக்கமெல்லாம் புருசனைத் தேடினாள். என் மனைவி மட்டும் தலையைத் திருப்பவில்லை. நேரே போனாள்.

அந்த அரைச் சுற்றை நான் அங்கேயே நின்று பார்த்தேன். இரண்டாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியும் கொஞ்சத் தூரம் ஓடிப் போய்த்தான் நின்றாள்.

நின்றுபோன பெண் என்னிடம் வந்து முறையிட்டாள்.

"அண்ணை, நீங்கள் கூப்பிட நான் அவர் எண்டெல்லே நினைச்சன்."

அவளுடைய புருசன் பின்னால் நின்று சொன்னான். "நான் கூப்பிட்டு நீர் எப்ப நிண்டனீர்?"

மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது நான் கேட்டேன்.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது. ஆரோ ஒருத்தியின்ரை மனுசன் எண்டு நினைச்சன். நீங்கள் சனத்துக்கை வாய் திறக்கிற ஆளே?"

"நிக்க நினைச்சனீரோ?"

"இல்லை."

சந்தி தாண்டிய பிறகு சொன்னாள். "கால் நினைச்சது."

பின்னேரம் அவளுடைய அண்ணன் போன் எடுத்தார். சேதி அதற்குள் வல்வெட்டித்துறைக்குப் போய்விட்டது.

"மச்சான், இந்தமுறை எவ்விடத்திலை நிண்டவள்?"

நான் போனை அவளிடம் கொடுத்தேன். அவள் அடுப்படியில் நின்றாள். காதில் வைத்துக்கொண்டே சோற்றை ஒருதரம் கிளறினாள்.

"முடிச்சுப்போட்டுத்தான் நிண்டனான், அண்ணை. இப்ப சோறு வடிக்கவேணும். போனை வை."