மலையடியில் நின்ற மதாம்

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கண் காட்டக் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், டாக்டருக்குப் படிக்கிறவர்கள், ஒரே புத்தகத்தை இருவர் மடியிலும் படும்படி விரித்துவைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அது அப்டி இல்லடா" என்றாள் அவள். அவன் குனிந்து மறுபடி படித்துவிட்டு, "ஆமா, நீ சொல்றதுதான் சரி" என்றான். எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று திரும்பி வந்தது. டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குகிற எரிச்சல் இல்லை அது.

நான் வாழ்க்கைப்பட்ட பாகூரில் அது பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி; எனக்குக் கல்யாணமான புதிது. பூமியை ஆழத் துளைத்தால் தண்ணீர் தானே பொங்கி வரும் என்று கிணறு போட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், மனைவியோடு எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். ஊருக்கு அவர் முசே, அவள் மதாம். இருவரும் யூதர்கள். சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் வெள்ளிக்கிழமையே மதாம் பின்னல் போட்ட ரொட்டியைச் சுட்டுவிடுவாள். அந்த வாசனை சுவர் தாண்டி வந்து என் ரசத்தை ஒன்றுமில்லாமல் அடித்துவிடும். பொறாமை ரொட்டியோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் பால் கொடுக்கப் போனால், மேசையில் ஒரு பெரிய புத்தகம். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர்கள் வேதத்தை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் படித்து, வருஷத்தில் முடிப்பார்களாம். எனக்குக் கன்னியர் பள்ளியில் கற்ற பிரெஞ்சு கொஞ்சம் உண்டு. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிடுவேன்.

தை அறுப்பு நடந்த ஒரு வாரம், கடவுள் மலைமேல் இறங்கி, மோசே என்ற தலைவர் வழியாக ஜனங்களுக்குக் கட்டளைகள் கொடுத்த பகுதி வந்தது. அவர்கள் பேச்சை நம் பேச்சில் சொல்கிறேன்.

"பொம்பளைங்ககிட்ட நெருங்காதீங்கன்னு மோசே ஜனங்களுக்குச் சொல்றாரு. அப்போ ஜனம்னா ஆம்பளைங்க மட்டுந்தானா? நான் அங்க நிக்கலியா?" என்றாள் மதாம்.

"நீங்களா?" என்று நான் குறுக்கே கேட்டுவிட்டேன்.

"யூதருங்க நாங்க எல்லாருந்தான். அப்போ பொறக்காதவங்களும் சேந்துதான் அன்னிக்கு மலையடியில நின்னோம்" என்றாள், நேற்று சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

முசே பக்கத்தைத் திருப்பினார். "நம்ம முப்பாட்டன் யாக்கோபோட வீட்டுக்குச் சொல்லுன்னு கடவுள் மோசேகிட்ட சொன்னது மேலயே இருக்கு. வீடுன்னா பெண்கள்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. பொம்பளைங்க உங்களுக்குத்தான் மொதல்ல சொன்னாரு."

"மொதல்ல சொல்லிட்டு, அதே பக்கத்துல மறந்துட்டாரா?"

அவர் தாடியைச் சொறிந்தார். விரல் வைத்து அந்த வரிகளை மறுபடி படித்தார். பிறகு சிரித்து, "நீ கேக்கறது நியாயம். எனக்குப் பதில் தெரியல" என்றார்.

ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் தெரியல என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் கல்யாணத்தையே என்னிடம் யாரும் கேட்கவில்லை. இவளோ பிறப்பதற்கு முன்பே ஒரு மலையடியில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்! எரியாதா, நீங்களே சொல்லுங்கள்? கட்டளைகளில் கடைசி எது என்று கேட்டேன். அடுத்தவர் வீட்டின்மேல் ஆசை வைக்காதே என்பதாம். பாலை ஊற்றிவிட்டு நடையைக் கட்டினேன்.

மத்தியானம் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர், "கீழ் நெலத்துல கரும்பு வெக்கறோம், ஆளு சொல்லிட்டேன்" என்றார், சோற்றைப் பார்த்து.

"எங்கிட்ட சொல்லவேயில்லியே."

"உங்கிட்ட இன்னாத்துக்குடி சொல்லணும்?"

"சாமியே வூட்டுப் பொம்பளைங்ககிட்டதான் மொதல்ல சொல்லிச்சாம்."

"எந்தச் சாமி?"

"பக்கத்து வூட்டுச் சாமி."

அந்தக் காலத்தில் இப்படி எதிர்த்துப் பேசியதற்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்த அபிஷேகப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. அவர் மோரை ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டுக் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "சரி, சொல்லித் தொலை. வெக்கலாமா, வேணாமா?" என்றார்.

"வேணாம். தண்ணி நிக்கும், வேர் அழுகிடும்."

"நிக்காது."

"நிக்கும்."

மாடு கத்தும்வரை பேசினோம். கடைசியில் அவர் கரும்புதான் வைத்தார். அது மூங்கில்போல வளர்ந்து என் மானத்தை வாங்கியது. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டினார். ஆனால் அடுத்த பட்டத்துக்கு என்ன போடலாம் என்று, கேலியாகத்தான் என்றாலும், கேட்டார். பிறகு கேலி போய்விட்டது, கேட்கிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

உலகச் சண்டை மூண்ட வருஷம் முசேயும் மதாமும் தங்கள் சீமைக்குக் கப்பலேறினார்கள். அங்கே யூதர்களுக்கு நேர்ந்ததைப் பின்னால் கேள்விப்பட்டபோது, அவள் எந்த ஊர்க்காரி என்றுகூடக் கேட்டுவைக்கவில்லையே என்று அழுதேன். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். நான் எதைச் சொன்னாலும் "சரி ஆயா" என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். எதிர் பெஞ்சில் இருப்பதுபோல என்னோடு மல்லுக்கட்ட வீட்டில் ஒருவர்கூட இல்லை.