பெரிய செய்தியாகக் கொடு என்று கேட்டேன்

கடன் வாங்கிப் படித்தவன் நான். பட்டணத்தில் பத்திரிகைத் தொழில் பட்டப்படிப்பு. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த அக்கா, தன் சங்கிலியைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தாள். அது போதவில்லை. மச்சான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கடன் நோட்டு எழுதிக் கொடுத்தார். மாத வட்டி முப்பது ரூபாய்.

படித்து முடித்துத் திருப்பூருக்கு வந்தேன். ஒரு பத்திரிகையில் பகுதிநேர நிருபர் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, அங்குலத்துக்கு எட்டணா கொடுப்பார்கள். பைசா வந்து சில வருடங்கள் ஆகியும் எட்டணா என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நூல் விலை, சந்தை நிலவரம், கோயில் விசேஷம் என்று எழுதினேன். மாதம் பத்து ரூபாய் தேறினால் பெரிது. வட்டிக்கு மீதி இருபது எங்கிருந்து வந்தது? அக்கா ஒரு குடோனில் பனியன் வேஸ்ட், அதாவது கழிவுத் துணி, பிரிக்கும் வேலைக்குப் போனாள். எந்தக் குடோன் என்று நான் கேட்கவில்லை. ஊரையே கேள்வி கேட்டுத் திரிந்தவன், வீட்டில் அதைக் கேட்கவில்லை.

அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சிவன்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். எல்லோரும் கல்யாணமும் பிள்ளையும் கேட்டார்கள். நான், "முருகா, பெரிய செய்தியாக ஒன்று கொடு. அரைப் பக்கம் வருகிற மாதிரி கொடு" என்று கேட்டேன். பெரிய செய்தி என்றால் என்ன? யாரோ சாக வேண்டும், எதுவோ எரிய வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், வேஸ்ட் குடோன் ஒன்று தீப்பிடித்தது என்று சொன்னார்கள். சைக்கிளில் பறந்தேன். முன்வாசலில் அடுக்கியிருந்த பொதிகள் எரிந்துகொண்டிருந்தன. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். முப்பது அங்குலம் தேறும் என்று மனம் கணக்குப் போட்டது. "முருகா, கொடுத்துவிட்டாய்" என்றேன். நன்றி சொன்னேன். இதை உங்களிடம் மறைத்தால் நான் எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

வெளியே ஓடிவந்த ஒரு பெண்ணை நிறுத்தி, "உள்ளே எத்தனை பேருங்க?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, மாராத்தா தம்பிதானுங்க நீங்க? உங்கக்கா உள்றதானுங்க இருக்குது! என்னத்த எழுதீட்டு நிக்கறீங்க?"

நோட்டு கையிலிருந்ததுகூட மறந்துபோய்ப் பின்பக்கச் சந்துக்கு ஓடினேன். அங்கே ஒரு கதவு இருந்தது. வெளியே பூட்டியிருந்தது. கூலிக்காரப் பெண்கள் துணி திருடிவிடுவார்களாம், முதலாளி பூட்டிவிட்டுச் சாவியோடு போயிருந்தான். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன். என் விரல்தான் கிழிந்தது. "முருகா, நான் கேட்டது தப்பு. எனக்கு எந்தச் செய்தியும் வேண்டாம். அவளைக் கொடு" என்று கத்தினேன்.

அந்தச் சந்தில் வண்டி வரும் வழக்கமே இல்லை. முன்தெருப் புகையில் மாடு மிரண்டதால், லுங்கி கட்டிய ஒரு பாய் தன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். அவர் வண்டியில் கடப்பாறை கிடந்தது.

"நவுருங்க தம்பி. கல்லுல தட்டுனா கதவு தொறக்க அது என்ன உங்க ஊடுங்களா?" என்றார். ஒரே நெம்பு. பூட்டு தெறித்தது.

நான்கு பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக அக்கா. எரிந்த பொதியைத் தள்ளியதில் அவள் வலது உள்ளங்கை வெந்திருந்தது. தரையில் உட்கார்ந்து இருமினாள். என் கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"பெரிய சேதியா வருமா கண்ணு? இந்த மாச வட்டிக்கு ஆயிருமா?"



செய்தியை அனுப்பினேன். தீயைப் பற்றிக் கொஞ்சம், பூட்டிய கதவைப் பற்றி நிறைய எழுதினேன். ஆபீசில் கதவை வெட்டிவிட்டார்கள். வந்தது ஒன்பது அங்குலம். நாலரை ரூபாய்.

அந்த வாரமே ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். செய்தி எழுதுவதையும் விடவில்லை. அக்காவை மறுபடி வேலைக்கு அனுப்பவில்லை. கடனை அடைத்துச் சங்கிலியை மீட்க ஏழு வருடம் ஆயிற்று. சங்கிலியைக் கொடுத்த அன்றுதான் தைப்பூசத்தில் என்ன கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"சாமிகிட்ட ஒண்ணு கேக்கத் தெரியல. பட்டணம் போயி என்னத்தடா படிச்ச?" என்றாள். பிறகு சங்கிலியை என்னிடமே நீட்டினாள். அந்தக் கையால் கொக்கியை மாட்ட முடியாது. நான்தான் மாட்டிவிட்டேன்.

படிப்பு கடனுக்கு ஈடாயிற்றா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இல்லை. அக்காவின் விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. முருகன் தீ வைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அது பூட்டியவன் புத்தி, கேட்டவன் பேராசை. ஆனால் சந்துக்குள் வண்டியைத் திருப்பியது முருகன்தான். அன்று எனக்கு அவன் லுங்கி கட்டி வந்தான்.

நம்பிக் கேளுங்கள், கொடுப்பான். கேட்பதற்கு முன்னால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.