சுடலைமுத்துவின் காலைப் பிரஷர்

1. அன்ஃபிட்

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பெயர் ஞானம்மாள். அங்கே எல்லோருக்கும் ஞானம் சிஸ்டர். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம், புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், எங்கள் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் சுடலைமுத்துவை வண்டி ஓட்ட லாயக்கில்லாதவர் என்று எழுதிவிட்டார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால் வேறொரு எஸ்டேட்டில் லாரி டிரைவர் ஒருவர் ஸ்டியரிங்கிலேயே மயங்கிச் சாய்ந்தார். வண்டி மண்திட்டில் முட்டி நின்றதால் உயிர் போகவில்லை. உடனே எல்லா டிரைவர்களையும் பரிசோதிக்க உத்தரவு வந்தது. கீழேயிருந்து ஒரு டாக்டர் வந்து ஃபேக்டரி வராந்தாவில் உட்கார்ந்தார். டிரைவர்கள் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சுடலைமுத்து கடைசியாகத்தான் வந்தார். வேன் ஸ்டார்ட் ஆகாமல், முன்னால் இரும்பு ஹேண்டிலைப் போட்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றிக் கிளப்பிவிட்டு, மேடேறி ஓடி வந்திருந்தார். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாகச் சுருட்டி, நின்றபடியே கையை நீட்டினார். பிரஷர் பார்க்கும் கஃப் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தார்கள். பாதரசம் இருநூறைத் தொட்டது. கீழ் அளவும் நூறுக்கு மேலேதான். டாக்டர் மறுபடி பார்த்தார். பெரிய மாற்றமில்லை. "அன்ஃபிட்" என்று எழுதினார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. பாதரசம் காட்டியதைத்தான் எழுதினார்.

சுடலைமுத்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒரு நோயும் கிடையாதே. மலை மாதிரில்லா நிக்கேன். என்னைப் போயி வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லுதாவ" என்றார். குரல் உடைந்திருந்தது.

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்களோடு அந்த வேனின் பின்பக்கம் எத்தனையோ தடவை நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். கைக்கெட்டும் தூரம் தெரியாத மூடுபனியிலும் அவர் வளைவுகளைச் சத்தமில்லாமல் திருப்புவார். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒரு தடவை இடித்தது கிடையாது. அவர் வேலை போனால் டிரைவருக்கென்று கொடுத்த வீடும் போகும். மனைவி பேச்சியம்மாள் இடுப்பு வலியால் கொழுந்தெடுப்பதை நிறுத்தியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் என்று பெயருக்குத்தான். அங்கே அவர்களை வாவென்று கூப்பிட ஒருவரும் இல்லை.

2. துரை கொடுத்த தவணை

எங்கள் டாக்டர் குரியன் கோட்டயத்துக்காரர், அவர் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப் போனார். மேனேஜரைத் தொழிலாளிகள் பெரிய துரை என்பார்கள். கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர்.

"டாக்டர், வேன்ல பேஷண்டை வச்சுக்கிட்டு அவன் மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார் துரை.

"அதுதான் சார் ஞானும் சொல்றது. இப்போ ஓட்ட வேண்டாம். பக்‌ஷே கொஞ்சம் சமயம் தரணும்."

துரை யோசித்தார். "ஒரு மாசம். அதே டாக்டர் மறுபடி வருவார். அதே மாதிரி காலையில பார்ப்பார். அவர் கையால பாஸானா வண்டியை எடுக்கட்டும். இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் சுடலைமுத்துவை நாற்காலியில் உட்கார வைத்து நான் பார்த்தேன். நூற்று ஐம்பத்தைந்துக்குத் தொண்ணூற்று நாலு. அந்தக் காலக் கணக்குக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அவர் துள்ளி எழுந்தார்.

"பாத்தியளா சிஸ்டர்! அவிய மெஷின்தான் கோளாறு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "மெஷின் சரிதான். காலைக்கு உள்ளது காலைக்கு, உச்சைக்கு உள்ளது உச்சைக்கு. நீ வேன் எடுக்கிறது அதிகம் எப்போ?"

"விடியக்காலம்தான் சார். ராத்திரி பூரா வலியில கெடந்துட்டு விடியும்போதுதானே கூப்பிடுதாவ."

"அப்போ நமக்கு வேண்டியது காலை பிரஷர். மதியத்து பிரஷரை வச்சு சந்தோஷப்படண்டா."

பிறகு என்னிடம் திரும்பினார். "சிஸ்டர், இவன் காலையில் எழுந்து வேன் பக்கத்தில் வர்ற வரைக்கும் என்னெல்லாம் செய்றான்னு பார்க்கணும். பிரஷர் எங்கே கேறுதுன்னு அப்போ தெரியும்."

3. கட்டிலிலிருந்து வேன் வரை

மறுநாள் விடியும் நேரத்தில் பி.பி. அப்பரேட்டஸ் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள்.

"இந்தக் குளிர்ல நீங்க வரணுமா சிஸ்டர்? இவிய இன்னும் எந்திரிக்கலயே."

"எந்திரிக்கிறதுக்கு முன்னாலதான் பாக்கணும்மா."

படுக்கையிலேயே பார்த்தேன். மதியத்தைவிடக் கூடுதல். எனக்கு ஆச்சரியம். மனிதர் ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தவர், ஒரு வேலையும் செய்யவில்லை. பின்னால் டாக்டர் விளக்கினார்: விடியும் சமயம் உடம்பே தன்னை எழுப்பத் தயாராகிறது. சில சுரப்புகள் ரத்தத்தில் கூடுகின்றன, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் வேகம் பிடிக்கிறது. "எல்லாருக்கும் கேறும் சிஸ்டர். எனக்கும் கேறும், உங்களுக்கும் கேறும். நல்ல குழாயாயிருந்தா தாங்கும். பிரஷர் உள்ளவனுக்குத்தான் ஆபத்து." அதைச் சோதிக்க அவரும் நானும் எங்கள் பிரஷரைக் காலையிலும் மதியத்திலும் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னது சரி.

சுடலைமுத்து எழுந்தார். முதல் காரியமாக ஒரு பீடி. கூடவே பெரிய டம்ளரில் கடுங்காப்பி. பார்த்தேன், ஏறியிருந்தது. அப்புறம் ஒண்ணுக்குப் போவதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, "ஓட்டாட்டாலும் கிளப்பி வைக்கணுமே, வண்டி உறைஞ்சிருக்கும்" என்று வெளியே ஓடினார். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பாட்டரி செத்துக் கிடந்த வேன் முக்கியதே தவிரக் கிளம்பவில்லை. அந்தப் பனியில் அவருக்கு நெற்றியில் வேர்த்தது. மட்கார்டில் கையை வைக்கச் சொல்லி அங்கேயே கஃபைச் சுற்றினேன். ஃபேக்டரி வராந்தாவில் கண்ட பாதரசம் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது.

தொடர்ந்து சில காலைகள் போனேன். பேச்சியம்மாள் பேசப் பேச மீதியும் தெரிந்தது.

"ராத்திரி எங்க சிஸ்டர் தூங்குதாவ? ஆஸ்பத்திரி மணி அடிக்குதோ அடிக்குதோன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடப்பாவ. குளிருக்குன்னு கொஞ்சம் ஊத்திக்கிடுதாவ. அப்புறம் கொறட்டை போட்டா தகரமே அதிருது."

"கருவாடு உண்டா?"

"கருவாடு இல்லாம சோறு எறங்காதே இவியளுக்கு. நார்த்தங்கா ஊறுகாயும் வேணும்."

"போன வருஷம் பிரஷருக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரை?"

பேச்சியம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மாத்திரையை ஞாபகம் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மேல் போடுவாராம். போட்டால் தூக்கம் வருகிறது என்று வேலை நாட்களில் போடவே மாட்டாராம்.

4. மருந்துச்சீட்டில் பாட்டரி

நான் சொன்னதையெல்லாம் கேட்ட டாக்டர் மேசையைத் தட்டினார். "சிஸ்டர், இதில் பாதி நம்ம கையில் இருக்கு!"

விடியலில் உடம்பு தானாக ஏற்றுவதை நிறுத்த முடியாது. குளிரையும் நிறுத்த முடியாது. ஆனால் மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்து அடிப்படை அளவைக் குறைக்கலாம். தூக்கம் வரவழைக்கும் அந்தப் பிரஷர் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை காலையில். உப்பு குறைய வேண்டும், சாராயம் நிற்க வேண்டும், பீடி நிற்க வேண்டும். எழுந்ததும் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடமாட வேண்டும்.

"ஹேண்டில் சுத்தாம வண்டி எப்படி சார் கிளம்பும்?" என்று கேட்டார் சுடலைமுத்து.

டாக்டர் ஆஸ்பத்திரி மருந்துச்சீட்டை எடுத்தார். மாத்திரைகளின் பெயருக்குக் கீழே "வேனுக்குப் புது பாட்டரி, ஒன்று" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துரைக்கு அனுப்பினார். துரை அதைப் படித்துவிட்டுச் சிரித்ததாக ஆபீஸ் கிளார்க் சொன்னார். அந்த வாரமே பாட்டரி வந்து சேர்ந்தது. பல குளிர்காலங்களாகச் சுடலைமுத்து கேட்டும் கிடைக்காத பாட்டரி.

கருவாட்டுச் சட்டியைப் பேச்சியம்மாள் தானே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "கேட்டா என் தலையத் திங்கட்டும்" என்றாள். சாராயம் நின்றதும் ஒரு வாரம் மனிதர் எரிந்து எரிந்து விழுந்தார். பிறகு குறட்டை குறைந்தது, தூக்கம் வந்தது. ராத்திரி அழைப்புகளுக்கு ஃபேக்டரி லாரி டிரைவர் ஒருவர் தற்காலிகமாக வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் பனி இறங்கினால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். ஒரு காலை, ஜன்னி கண்ட குழந்தையோடு நானும் தாயும் பாதி வழியில் பனி விலகும்வரை உட்கார்ந்திருந்தோம். குழந்தை பிழைத்தது. அன்று அந்தத் தாய் என்னைப் பார்த்து, "சுடலைமுத்து அண்ணாச்சி எப்ப வருவாவ சிஸ்டர்?" என்று கேட்டாள்.

5. குறுக்கு வழி

படுக்கையில் பார்க்கும் அளவு மெல்ல இறங்கி வந்தது. பீடியை மட்டும்தான் முழுசாக விடவில்லை. காலைப் பீடியை மட்டும் விட்டிருந்தார். அதையே பெரிய காரியமாக நினைத்தேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் சுடலைமுத்து டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சிஸ்டர், நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நாலஞ்சு மாத்திரைய சேத்துப் போட்டுக்கிடட்டா? இல்ல, கொறையதுக்கு ஏதாவது ஊசி இருந்தா போட்டு விடுங்க. உங்க பேரை வெளிய சொல்ல மாட்டேன்."

"அண்ணே, நாளைக்குப் பாஸாயிருவீங்க. நாளன்னைக்குக் கொண்டை ஊசி வளைவுல தலை சுத்தினா? பின்னால நான்தானே உக்காந்திருப்பேன்?"

அவர் முகம் சுருங்கியது.

"பாஸாவணும் சிஸ்டர். இந்த வண்டிய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"சேத்துப் போட்டா பிரஷர் ஒரேயடியா விழுந்து அங்கேயே மயங்குவீங்க. டாக்டர் சொன்னபடி ராத்திரி மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குங்க. இத்தன நாள் பட்ட பாடு சும்மா போகாது."

"சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு ஜன்னலைச் சாத்தினேன். நாளைக்குத் தோற்றால், அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருந்தது.

6. வராந்தா

மறுநாளும் உறைபனிதான். அதே டாக்டர், அதே வராந்தா. செய்தி பரவி, காலையில் பேர் கொடுக்க மஸ்டருக்கு வந்த கொழுந்துப் பெண்கள் கூடையோடு கீழே ரோட்டில் நின்றுவிட்டார்கள். கங்காணி கத்தியும் நகரவில்லை.

சுடலைமுத்து நிதானமாக நடந்து வந்தார். துரை அவரிடம், "என்னப்பா, ரெடியா?" என்றார். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கஃபைச் சுற்றினார்கள். நூற்று எழுபத்தாறு. பாஸாக அது போதாது.

டாக்டர் குரியன் முன்னால் வந்தார். "டாக்டர், ஒரு அபேட்சை. இவர் மேடேறி வந்திருக்கார், பேசிட்டும் இருந்தார். கொஞ்சம் உட்காரட்டும். யாரும் பேச வேண்டாம். கை மேசைமேல் இருக்கட்டும். அதுக்கப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க."

வந்த டாக்டர் யோசித்துவிட்டு, "நியாயம்தான்" என்றார். சுடலைமுத்துவை ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பளியைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். துரைகூட வாயைத் திறக்கவில்லை. ஃபேக்டரியின் ரோலர் சத்தம் மட்டும் கேட்டது.

பாதரசம் ஏறியது. மெல்ல இறங்கியது. வந்த டாக்டர் ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுக்காமல் மறுபடி காற்றடித்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு மற்றக் கையிலும்.

"நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூறு" என்றார். "நாலு தடவையும் கிட்டத்தட்ட இதேதான். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். மாதாமாதம் காலையில் பார்க்க வேண்டும். ஃபிட்."

சுடலைமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எழுந்து வராந்தா விளிம்புக்கு வந்து, ரோட்டில் நின்றவர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். பெண்கள் போட்ட குலவைச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துரை சுடலைமுத்துவின் தோளில் தட்டி வேன் சாவியைக் கையில் வைத்தார். வந்த டாக்டர் கிளம்பும்முன், அடுத்த எஸ்டேட்டிலும் டிரைவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடும்படி துரையின் டெலிபோனிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு விடியலில், வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்த ஒரு பெண்ணைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பனி பால்போல இருந்தது. வேன் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, ஒரு வளைவிலும் நிற்கவில்லை. தாயும் பெண்குழந்தையும் நலம் என்று தெரிந்தபிறகு, திரும்பும் வழியில் தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் சுடலைமுத்து ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்.

இன்று வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு காலை நேர பி.பி.யை எழுதுவதற்கு முன் அந்த மனிதரை உட்கார வையுங்கள். ராத்திரி தூங்கினாரா, மாத்திரையை எப்போது போட்டார், எழுந்ததும் புகைத்தாரா, குளிரில் ஓடி வந்தாரா, மனதில் என்ன பயம் என்று கேளுங்கள். அமைதியாக உட்கார்ந்தபிறகும் கூடுதலாக இருந்தால், மதியம் குறைந்துவிடும் என்று தேற்றி அனுப்பாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் ஏறும் பிரஷரை அடக்க முடியும். சுடலைமுத்து அடக்கினார். ஓய்வு பெறும் நாள் வரை அந்த மலைப்பாதையில் அவர்தான் வண்டி ஓட்டினார்.