மலையேறுகிற டயர்

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்களை எங்கள் தெரு முன்பும் பார்த்திருக்கிறது. ஒரு சூட்கேஸ், அழுது வீங்கிய முகம், இடுப்பில் பிள்ளை இருந்தால் பிள்ளை. அப்படித்தான் வருவார்கள். என் அத்தை டீசல் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

புகுந்த வீடு இருந்த வாசுதேவநல்லூரிலிருந்து எங்கள் ஊர் மேலகரம் வரைக்கும் தனியாக ஓட்டி வந்திருந்தாள். பின்னால் ஒரு பீரோவும் கிரைண்டரும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, அத்தையைப் பார்ப்பதா பீரோவைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வெளியே வந்துவிட்டன. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. எங்கள் வீட்டு முன்னால் இவ்வளவு பெரிய வண்டி நிற்பது அதுதான் முதல் தடவை என்பதால், எனக்கு அன்றைக்குப் பெருமை மட்டும்தான் இருந்தது.

வண்டி அத்தையின் பேரில் இருந்தது. மாமா பேரில் எடுக்க முடியாதபடி ஏதோ சிக்கல் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு மேல் அவளுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பிறகு டிரைவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். மாமாவுக்குக் காலையில் எழுந்திருக்கிற பழக்கம் இல்லை. அத்தை ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸும் எடுத்தாள். வந்த புதிதில் அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. என்னவென்று கேட்டேன். "கியர் போட்டுப் போட்டு" என்றாள். நான் நம்பினேன். கியர் போடுவது ரொம்பக் கஷ்டம் போல என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். தங்கை வந்ததில் அவருக்குக் கோபம் என்பதைவிடக் கூச்சம்தான் அதிகம். பால் வாங்கப் போனால்கூட யாராவது, "என்ன அண்ணாச்சி, வீட்டு முன்னால லாரி நிக்கி?" என்று கேட்பார்கள். லாரி இல்லை, பிக்கப் என்று திருத்திவிட்டு வந்துவிடுவார்.

அத்தை சும்மா இருக்கவில்லை. செங்கோட்டை ரோட்டில் ஒரு கமிஷன் கடையில் பேசி, எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாக மலையேறிப் புனலூருக்குப் போனாள். வரும்போது ரம்புட்டானும் அன்னாசியும் குற்றாலத்துக் கடைகளுக்கு இறங்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒருநாள், புளியரை வளைவில் வண்டி திடீரென்று பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. ராட்டினத்தில் போவது போல இருந்ததால் நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கிப் போய் டயர்களைத் தடவிப் பார்த்தாள். நானும் தடவினேன். நான்கும் மொட்டை. என் முழங்காலில்கூட அதைவிட அதிகமாக வரிகள் இருந்தன.

டயர் மாற்றாமல் இனி மலையேற முடியாது என்று அத்தை வீட்டில் சொன்னாள். யாரும் எதிர்பாராதபடி அப்பா, "நான் போட்டுத் தாரேன்" என்றார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அன்றிரவு அப்பாவுக்கு அவளே தோசை ஊற்றிப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் தென்காசிக்குப் போனோம். அத்தை ஓட்டினாள், நான் நடுவில், அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. டயர் கடையில் ரப்பர் வாடை தலையைச் சுற்றியது. கூரை வரைக்கும் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வேலையாட்கள் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

கடைக்காரர் அப்பாவிடம் வந்தார். "என்ன அண்ணாச்சி போடணும்?"

"மழையில புளியரை ஏத்தம் ஏறணும் அண்ணாச்சி. லோடு முழுசா இருக்கும்" என்றாள் அத்தை.

அவர் தலையை ஆட்டிவிட்டு, "எத்தன நாளைக்கு ஓடணும் அண்ணாச்சி?" என்று மறுபடியும் அப்பாவிடமே கேட்டார். வண்டியை ஓட்டி வந்தது யார் என்பதை அவர் பார்க்காமல் இல்லை. வழக்கம் அப்படி.

நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். ரீட்ரேட் டயர்கள், பழைய டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி, கறுப்பு பாலிஷ் அடித்தவை. முகம் தெரியும்போல மினுமினுத்தன. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அத்தை குனிந்து அவற்றின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தபோது, அப்பா கடைக்காரரைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பேசினார். டயர் அடுக்குக்குப் பின்னால் நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப நாளைக்கு வேண்டாம் அண்ணாச்சி. பார்வைக்கு இருந்தாப் போதும். அடுத்த வாரம் வண்டி வாசுதேவநல்லூருக்குப் போயிரும்."

எனக்கு ஒரே சந்தோஷம். வாசுதேவநல்லூரில் அத்தை வீட்டுப் பக்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். ஓடிப்போய் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, அடுத்த வாரம் வாசுதேவநல்லூருக்கு லோடு இருக்கா? நானும் வருவேன்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"அப்பாதான் கடைக்கார மாமாட்ட சொன்னாங்க. பார்வைக்கு இருந்தாப் போதுமாம்."

அத்தை டயரிலிருந்து கையை எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த கறுப்பைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் நேராக அப்பாவிடம் போனாள்.

"அண்ணே, வண்டியக் கொடுக்கப் போறியா?"

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "மெதுவாப் பேசு. வீட்ல போய்ப் பேசுவோம்."

"வீட்ல பேசுததா இருந்தா எங்கிட்டல்லா மொதல்ல சொல்லிருப்ப? கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

"நல்லதுக்குத்தான் செய்யுதேன். வண்டி கைக்கு வந்துட்டா அவரு ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருதேன்னு சொல்லுதாரு."

"அவரு மொதல்ல வண்டியக் கேட்டாரா, என்னையக் கேட்டாரா?"

நட்டுக் கழற்றுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"சரி, கொடுக்கதுக்குத்தான் இந்த டயரு. கொடுக்க வரைக்கும் இதுல மலையேறுதது யாரு? நானும் ஒம் மகளும்தான?"

அப்பா என்னைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்று தெரியாததால் நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ என்னமும் செய். நான் இதுல ஒத்தப் பைசா தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"கேட்டனா?" என்று அத்தை அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. முன்னாடி என்ன போடணும், பின்னாடி என்ன போடணும்? எனக்குத் தெரியாது. அதான் கேக்கேன்."

அவர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். "அண்ணாச்சி கோவத்துல போறாரு. நீ வீட்டுக்குப் போயிப் பேசி முடிச்சிட்டு வாம்மா."

"வண்டி ஜாக்கியில நிக்கி. அது எறங்குத வரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன்."

ஒரு டயரைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தன் மடியில் என்னையும் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். கடைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அத்தை ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தவள் அவள் இல்லை. எல்லோருக்கும் டீ வந்தது, எங்களுக்கு வரவில்லை. "அண்ணாச்சி, இங்கன ஒரு டீ, பிள்ளைக்கு ஒரு பால்" என்று அவளே குரல் கொடுத்தாள். கடைக்காரர் ரீட்ரேட் டயரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நான் பாலைக் குடித்து முடித்தபோது எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"இந்தா பாரும்மா, உள்ளதச் சொல்லுதேன். நான் காட்டுனது உள்ளூர் ஓட்டத்துக்குச் சரி. லோடோட மலையேறுனா, சூடாகி மேல் ரப்பர் பிரிஞ்சாலும் பிரியும். என் வீட்டுப் பிள்ளைய ஏத்திட்டுப் போறதுன்னா நான் போட மாட்டேன்."

"பெறகு ஏன் எங்கண்ணன்ட்ட காட்டுனிய?"

"அவரு கேட்டது வேற."

"நான் கேட்டதுக்குக் காட்டுங்க."

காட்டினார். முன்னால் போட நீளநீளமாகக் கோடு ஓடுகிற டயர். அதுதான் ஈர ரோட்டில் ஸ்டீயரிங் சொல்கிற பேச்சைக் கேட்குமாம். பின்னால் போட தடித்த ரப்பர்க் கட்டைகள் வைத்தது. ஏற்றத்தில் ரோட்டைப் பிடித்துத் தள்ளுமாம். அத்தை விடவில்லை. எவ்வளவு லோடு தாங்கும், எந்த வருஷத்துச் சரக்கு, காற்று எவ்வளவு வைக்க வேண்டும், லோடு இல்லாமல் திரும்பும்போதும் அதே காற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பதில் புரியாவிட்டால், "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். இரண்டு தடவை மூன்று தடவை சொன்ன பிறகு கடைக்காரருக்கே உற்சாகம் வந்துவிட்டது. சுவரில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். கடைசியில் அத்தை ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்து, நான்கையும் அவளே பொறுக்கினாள். சீசனில் ஓட்டிச் சம்பாதித்ததை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒருவர் பாலிஷ் டப்பாவோடு வந்தார்.

"அது வேண்டாம்" என்றாள் அத்தை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்காமல், சாயங்காலம் நான்கு மணிபோல மாமாவும் அவருடைய அண்ணனும் பைக்கில் வந்தார்கள். டயர் மாற்றுகிற செய்தி எப்படியோ முன்கூட்டியே அங்கே போயிருந்தது. பைக்கைப் பிக்கப்பின் மூக்குக்கு நேராக நிறுத்தினார்கள். மாமா இறங்கியதும் அத்தை எங்கே என்று கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"மச்சான், ஏதோ ரீட்ரேட் போடுததாச் சொன்னிய. புதுசே போட்டுட்டியளே!" என்று வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். அம்மா காபி கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "சாவி எங்க இருக்கு?" என்றார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். சாவி அவள் கையில் இருந்தது.

"கமிஷன் கடையில லோடு நிக்கி. போயிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

மாமா எழுந்துவிட்டார். "சாவியக் குடுத்துட்டு எங்க வேணாலும் போ."

"டயரு நல்லாயிருக்குல்லா? நான் மலையேறுததுக்குப் போட்டது" என்றாள் அத்தை. அவரைத் தாண்டி நடந்தாள். "ஏட்டி, வாரியா?"

சனிக்கிழமை என்றால் நான் போவது வழக்கம்தானே. செருப்பைத் தேடினேன். அம்மா என்னைத் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்து, முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

அத்தை வண்டியை ஸ்டார்ட் செய்தாள். முன்னால் பைக் நின்றது. பின்னால் எடுக்க இடமில்லை, சுவர். ஹாரன் அடித்தாள். மாமா வாசல் நடையில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். "எடுக்க முடியாது. என்ன செய்வ?" என்றார். அவருடைய அண்ணன் காபியை நிதானமாகக் குடித்தார். அத்தை கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போது அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். பைக் பூட்டியிருந்தது. "மச்சான், சாவி எங்கிட்ட இருக்கு" என்று மாமா சொன்னது எனக்கே கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை போலும். பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, தரையில் கீறிக்கொண்டு, பைக்கை எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார். அது சரிந்து விழுந்ததை நிமிர்த்தவும் இல்லை. மூச்சு வாங்கியது அவருக்கு. எங்களை ஏறிட்டுப் பார்க்காமல், காக்காயை விரட்டுவது போலக் கையை வீசினார். போ, போ.

வண்டி கிளம்பியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தென்காசியில் பிடித்த கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை, அத்தையை அவள் புருஷன் முன்னாலேயே வீட்டை விட்டுத் துரத்திவிட்டார், அவளோடு என்னையும் துரத்திவிட்டார் என்று நினைத்தேன். இலஞ்சி தாண்டியும் அழுகை நிற்கவில்லை.

"எதுக்குட்டி அழுத?" என்றாள் அத்தை.

"அப்பா நம்மள வெரட்டிட்டாங்க."

அத்தை வைப்பரைப் போட்டாள். கண்ணாடியில் சாரல் விழத் தொடங்கியிருந்தது. அழுதுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அதுவும் நனைந்துதான் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். துரத்தப்பட்டவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.