கூடத்தில் கேட்ட கேள்வி

1. ரிஜிஸ்டரும் நானும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சப்-சென்டர். எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு லேடீஸ் சைக்கிள், தடுப்பூசிப் பெட்டி, பி.பி. பார்க்கும் கருவி, கேரியரில் கட்டினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிஜிஸ்டர். இவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி.

முதல் நாளே என் மேலதிகாரியான செக்டர் நர்ஸ் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "எஸ்தரு, ஊசி இன்னிக்கு விட்டுப்போனா நாளைக்குப் போட்டுக்கலாம். எல்.எம்.பி. தேதி இல்லாத கர்ப்பிணி கார்டை மட்டும் எங்கிட்ட கொண்டாராத."

எல்.எம்.பி. என்றால் கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள். அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வந்துவிடும். ஆனால் எந்த வீட்டிலும் இங்கிலீஷ் தேதி சொல்ல மாட்டார்கள். "தேருக்கு மறுநாள்" என்பார்கள். "கீழத்தெரு நடவு அன்னிக்கு" என்பார்கள். எங்கள் லுத்தரன் சபைப் பெண்கள் ஈஸ்டரை வைத்துச் சொல்வார்கள். எல்லாவற்றையும் காலண்டரைப் புரட்டித் தேதியாக்கிவிடுவேன். அந்த வட்டாரத்திலேயே ஒரு கார்டுகூட காலியாக இல்லாதது என் ரிஜிஸ்டரில்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

2. ஜமீலா வீடு

ஜமீலா இருந்த தெருவில் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். நான் பி.பி. பார்க்கும்போதே அடுத்த அறையில் ஒருவர் டேப் ரெக்கார்டரில் பெண்டாட்டியை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் குரல்கள்தான் முதலில் வருகின்றன. போகிற வீடெல்லாம் ஏலக்காய் போட்ட டீ தருவார்கள். வேண்டாம் என்று சொல்லித் தப்பியதே இல்லை.

ஜமீலாவுக்கு இருபது வயது, தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண் என்பதால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று முடிவு. மாமனார் ஹாஜியார் முன்பு ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எப்போதும் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருப்பார். மாமியார் சுபைதாம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஜமீலாவின் கணவர் நோன்பு மாதத்தில் லீவில் வந்து, பெருநாளும் கொண்டாடி, சித்திரையில் திரும்பப் போயிருந்தார்.

கார்டு போடப் போன அன்று வழக்கம்போல் கூடத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். "கடைசியா என்னிக்கும்மா தலைக்குக் குளிக்கிற நாள் வந்துச்சு?"

அவள் நிலைப்படியில் நின்றபடி மாமனார் நாற்காலியைப் பார்த்தாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பெருநாள் கழிச்சு பத்தாம் நாளு சிஸ்டர்."

காலண்டரைப் பார்த்துத் தேதி எழுதினேன். டிசம்பர் நடுவில் பிரசவம். சவூதியில் லீவு கேட்க வேண்டும் என்றார்கள், ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். அதை நம்பித்தான் அந்தப் பையன் டிசம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டான்.

மாதாமாதம் போனேன். வயிறு என் கணக்கைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. சவூதியிலிருந்து பால் பவுடர் டின் டின்னாக வருகிற வீடு, பிள்ளை கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை சுபைதாம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "மார்கழி வரைக்கும் தாங்குமா சிஸ்டர்? எனக்கென்னமோ…" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும்.

3. ஏழு நோன்பு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். வாய்க்கால் நிரம்பி ரோட்டில் ஏறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். கார்டின்படி ஜமீலாவுக்கு முப்பத்து நாலு வாரம். பிரசவத்துக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற விசிட் அது. பழைய வேட்டிகளைக் கிழித்து, கொதிக்க வைத்து, வெயில் காட்டி மடித்து வைக்க வேண்டும். புதுத்துணி எடுக்கச் சொல்லக் கூடாது. பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று வாங்குவது எந்த மதத்து வீட்டிலும் ஆகாது. அந்த வீட்டுப் பரண்மேல் சவூதியிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று கயிறுகூட அவிழ்க்காமல் இருந்தது. உள்ளே பேபி பவுடரும் கம்பளியும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தொட மாட்டார்கள்.

உள்ளறையில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை மேலே இருந்தது, புட்டம் கீழே. முப்பத்து நாலு வாரத்தில் அது பெரிய கவலை இல்லை, இன்னும் திரும்பலாம். அடுத்த மாதம் தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

ஜமீலா எழுந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "சிஸ்டர், ஏழு நோன்பு பாக்கி இருக்கு. பிள்ளை பொறந்தா நாப்பது நாள் நோன்பு வைக்க முடியாது. அதுக்குள்ள அடுத்த ரமலானே வந்துரும். இப்பவே வச்சுரலாமா?"

"இந்த வயித்தோட நோன்பா? சும்மா இரு" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஏழு நோன்பு ஏன் விட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தூரம் வந்துட்டா வைக்கக் கூடாதுல்ல சிஸ்டர். பத்தாம் நோன்பு அன்னிக்கு வந்துச்சு."

"பெருநாள் கழிச்சு வரலையா?"

"அதுக்கப்புறம் வரவே இல்ல."

"அன்னிக்கு ஏன்டி அப்படிச் சொன்ன?"

"கூடத்துல மாமா உக்காந்திருந்தாங்க. நோன்பு மாசத்துல வந்துச்சுன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? நான் முப்பதும் வச்சேன்னுதான் அவங்க நெனச்சுட்டு இருக்காங்க."

கார்டை எடுத்து விரல்விட்டு எண்ணினேன். ஒரு மாதம் பிசகு. முப்பத்து நாலு இல்லை, முப்பத்தெட்டு வாரம். தலைப்பிரசவம், பிள்ளை திரும்பவில்லை, காலையிலிருந்து இடுப்பு கடுக்கிறது என்று வேறு சொன்னாள். வீட்டிலேயே வலி கண்டால் பிள்ளையைக் காப்பாற்ற என்னால் முடியாது.

4. தஞ்சாவூர் ரோடு

கூடத்துக்கு வந்து ஹாஜியாரிடம், இப்போதே காரில் தஞ்சாவூர் போக வேண்டும் என்றேன்.

"மார்கழின்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நான்தான் மாசத்தை மாத்திக் கணக்குப் போட்டுட்டேன் பாய். தப்பு என்னுதுதான்."

"ஒரு மாசத்தையா தப்பாப் போடுவீங்க? பையன் வராம ஆபரேஷன் அது இதுன்னா யாரு கையெழுத்துப் போடுறது?"

"நீங்க போடுங்க பாய். பையன் வர வரைக்கும் பிள்ளை காத்திருக்காது."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுபைதாம்மா வெளியே வந்தார். மேலே துப்பட்டி போர்த்தி, கையில் மடித்த பழந்துணி மூட்டையோடு தயாராக நின்றார். "காரக் கூப்புடுங்க" என்று மட்டும் கணவரிடம் சொன்னார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றுதான்.

அம்பாசிடர் மன்னார்குடியைத் தாண்டி வடுவூர் ஏரிக்கரையில் போகும்போது ஜமீலாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முக்காதே, முக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். சுபைதாம்மாவின் உதடும் அசைந்துகொண்டே இருந்தது. ஹாஜியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரைவர் மழையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுவிட்டுக் கார்டைப் பார்த்தார். "இது ஃபுல் டெர்ம். யாரு போட்ட தேதி இது?"

"நான்தான் மேடம்."

"இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தெரியும்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளே அது அழுத சத்தம் கேட்டதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலையில் இருக்கும்போது அழக் கூடாது என்று டிரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள்.

5. வராந்தாவில்

ஹாஜியார் சவூதிக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தார். சுபைதாம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"தப்பு ஒங்களுது இல்லன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றார். "அந்த ஏழு நாளும் ஆம்பளைங்க தொழுவப் போனதும் அடுப்படிக் கதவைச் சாத்தி அவளுக்குச் சோறு போட்டதே நான்தான். எந்த நோன்புல ஆரம்பிச்சு எதுல முடிஞ்சுதுன்னு எனக்கு விரல் நுனியில இருக்கு. ஒங்க கார்டுல என்ன எழுதியிருக்குன்னுதான் எனக்குத் தெரியாது. நீங்க என்னைக் கேக்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கி வரட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அத்தனை மாதம் அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறேன். அதைப் போட்டுக் கொடுத்த மனுஷியிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. டாக்டரம்மா திட்டியதைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிறகு முப்பது வருஷம் நான் எந்த வீட்டிலும் கூடத்தில் உட்கார்ந்து தேதி கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். பெண்ணிடம் தனியாக ஒருமுறை, சமைக்கிறவரிடம் ஒருமுறை கேட்பேன். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாசலில் நின்றே டேப்லெட்டில் பதிகிறார்கள். தேதி போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது அக்கா என்கிறார்கள். திறக்காவிட்டால் போகட்டும். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.